பேத்கெதியின் பாலோட்டத் துறை

ஆடு கொடுப்பதுதான் பால் என்ற அறியாமையில் உலகம் மூழ்கிக் கிடந்த காலத்தில், பால் என்பது அரசாங்கம் கொடுப்பது என்ற பேருண்மையை முதலில் கண்டறிந்து, அதை ஆணையாக எழுதி, ஈரக் களிமண்ணில் முத்திரையும் பதித்த பெருமை யூதாவின் அரண்மனைக்கே உரியது. மோவாபியரிடம் ஆடுகள் இருந்தன. பெலிஸ்தரிடம் மாடுகள் இருந்தன. சீரியாக்காரர்களிடம் இரண்டும் இருந்தன. ஆனால் பாலுக்கென்று ஒரு துறை யாரிடம் இருந்தது? ஆண்பால், பெண்பால் என்று இலக்கணம் அடுக்கிவைத்திருந்த பட்டியலில் ‘அரசுப்பால்’ என்ற புதிய பாலைச் சேர்த்த அந்தத் துறை தோன்றிய இடம், மலைநாட்டில் நாற்பது வீடுகள் கொண்ட பேத்கெதி என்னும் சிற்றூர்.

அந்த ஊரில் ஒக்லாள் என்றொரு பெண் இருந்தாள். துறை தோன்றப்போகும் விஷயம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு ஆடுகள், மழைநீர்த் தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசும் யாமீன் என்ற கணவன், இரண்டு மாதத்து இரட்டைக் குழந்தைகள். ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண்பிள்ளை இத்தோ, ஒரு மூச்சு முன்னால் பிறந்துவிட்டவன். அந்த மூத்த உரிமையைக் காட்டி, தாயிடம் சுரந்ததை எல்லாம் அவனே குடித்துத் தீர்த்தான். ஒக்லாளின் உடம்பு ஒரு பிள்ளைக்கு மேல் சுரக்கவில்லை. ஆகவே பெண்பிள்ளை பூவாளுக்குக் கருப்பி என்ற ஆடுதான் செவிலித்தாய். ஒக்லாள் வெள்ளாட்டுப் பாலில் கம்பளித் திரியை நனைத்து வாயில் வைப்பாள். பூவாள் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவாள். உறிஞ்சி முடித்ததும் இன்னும் வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி அறிவிப்பாள்.

வாற்கோதுமை அறுவடை தொடங்கிய வாரத்தில், ஒருநாள் காலை, அரண்மனை அதிகாரி பெலத்தியா கழுதைமேல் வந்து இறங்கினார். அவருடன் சக்கூர் என்ற எழுத்தரும், தடி ஏந்திய நாலு காவலர்களும் வந்தார்கள். ஊர்வாசலில் மூப்பர்கள் கூடினார்கள். கறந்த பால் செம்பை இடுப்பில் வைத்தபடி ஒக்லாளும் ஓரமாக நின்றாள்.

“ஆமாத் தேசத்து ராஜாவோட தூதர் எட்டாம் நாள் இந்த வழியா வர்றாரு,” என்றார் பெலத்தியா. “நம்ம நாட்டுல பால் ஓடுதுன்னு அவங்க ஊர்ல பேச்சாம். அதைக் கண்ணால பாக்கணும்னு எழுதியிருந்தாரு. வாங்க, காட்டுறோம்னு நம்ம அரசர் பதில் எழுதிட்டாரு. அதனால ஓடணும்.”

மூப்பர்களில் மூத்தவர் மாகீர். வாயில் ஒரு பல்லும் இல்லாவிட்டாலும் கேள்விகளுக்குக் குறைவில்லாதவர்.

“எது ஓடணும் ஐயா?”

“பால்.”

“எங்க ஓடணும்?”

“உங்க ஊர்ல. அரசருக்கு மக்கள்பால் அவ்வளவு அன்பு.”

“ஐயா, புல்லு நல்லா இருக்கு, ஆடு நல்லாக் கறக்குதுங்கறதை ஒரு பேச்சுக்கு அப்படிச் சொல்றதுங்க. பால் என்ன காலு முளைச்சா ஓடுது?”

“அரசர் பேச்சுக்குச் சொல்லலை. எழுத்துல சொல்லியிருக்காரு. எழுத்துல வந்துட்டா அது நடந்தாகணும்.”

ஓடுவதற்கான இடத்தையும் அரண்மனை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்தது. சாலையோரச் சரிவில், பாறையைக் குடைந்து செய்த ஊர்ப் பொதுத் திராட்சை ஆலை இருந்தது. மேலே பழம் மிதிக்கும் தளம், கீழே சாறு விழும் தொட்டி, இரண்டுக்கும் நடுவே முப்பது முழ நீளத்தில் ஒரு வாய்க்கால். திராட்சை பழுக்க இன்னும் மூன்று மாதம் இருந்ததால் ஆலை வேலையற்றுக் கிடந்தது. மேலே பாலை ஊற்றினால் கீழே ஓடும். தூதர் கழுதையை நிறுத்திப் பார்ப்பார், வியப்பார், போவார்.

பிறகு சக்கூர் ஆணையை வாசித்தார். ஏழு நாளைக்கு ஊரில் கறக்கும் பால் முழுவதும் அரசுப்பால். அதை யாரும் குடிக்கக் கூடாது. தயிராக்கக் கூடாது, ஏனென்றால் தயிர் என்பது ‘ஓட மறுத்த பால்’. அத்திப்பாலை விட்டுக் கட்டியாக உறைய வைக்கக் கூடாது, அது ‘உட்கார்ந்துகொண்ட பால்’. தோல்பையில் ஆட்டி வெண்ணெய் எடுப்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். வெண்ணெய் மேலே எழுகிறது. அரசர் இருக்கும்போது மற்றொன்று மேலே எழுவதற்குப் பெயர் கலகம்.

“குட்டிகளுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“வாயைக் கட்டுங்க.”

“எங்க வாயையா, குட்டிங்க வாயையா?”

“ரெண்டையும்,” என்றார் பெலத்தியா.

மூப்பர்கள் அன்று முழுவதும் ஆணையை ஆழமாக விவாதித்தார்கள். அவர்களைக் குழப்பியது ஒரே ஒரு சட்டப் பிரச்சினை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே வேகவைக்கக் கூடாது என்பது அவர்கள் தேசத்துச் சட்டம். நல்ல வெயிலில், பாறை சூடேறியிருக்கும்போது, ஒரு குட்டி கால் தவறி அந்த வாய்க்காலில் விழுந்தால் அது வேகவைத்ததாகுமா, குளிப்பாட்டியதாகுமா? அந்தப் பாலில் தன் தாயின் பால் எத்தனை பங்கு என்று அந்தக் குட்டிக்கு எப்படித் தெரியும்? சூரியன் சாயும்வரை பேசி, குட்டிகள் வாய்க்கால் பக்கம் போகக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். குழந்தைகள் என்ன குடிக்கும் என்பது பொருள் நிரலில் இல்லாததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கலையும்போது மாகீர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். “ஐயா, ஏழு நாள் சேத்து வச்சா பால் புளிச்சிடுமே?”

“உங்க பால் புளிக்கும். அரசுப்பால் புளிக்காது.”

காவலர்கள் வீடு வீடாக வந்தார்கள். ஒக்லாளின் பால் செம்பும் போயிற்று. கருப்பியின் குட்டிக்கு வாயில் கயிறு விழுந்தது.

அன்று இரவு பூவாள் அழத் தொடங்கினாள். ஒக்லாள் வாற்கோதுமைக் கஞ்சித் தெளிவில் திரியை நனைத்துக் கொடுத்தாள். பூவாள் அதை ஒரு முறை ருசி பார்த்து, வாங்கிய வேகத்திலேயே தாயின் மார்பில் துப்பிவிட்டாள். இத்தோவைப் பிடுங்கி வைத்துவிட்டு இவளுக்கு மார்பைக் கொடுத்துப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே துடைத்து வைத்த பாத்திரம் அது. குழந்தையின் அழுகை மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, பூனைக்குட்டி முனகுவது போல ஆயிற்று. அந்தக் கத்தலைவிட இந்த முனகல்தான் ஒக்லாளைத் தூங்கவிடவில்லை.

“நான் போய் அந்த அதிகாரியைப் பாக்கப் போறேன்,” என்றாள் விடிந்ததும்.

“சும்மா இரு ஒக்லா,” என்றான் யாமீன். கையில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டியபடியே, “அரசாங்கத்தோட நமக்கு என்னத்துக்கு வம்பு? ஏழு நாள்தானே?” என்றான்.

“ஏழு நாளா? நீ ஏழு நாள் சோறு தின்னாம இருந்து காட்டு. அப்புறம் நான் சும்மா இருக்கேன்.”

யாமீன் ஒரு வேளைகூடச் சோறில்லாமல் இருந்தறியாதவன். மறுபடி சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினான்.

பெலத்தியா, மாகீரின் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தார். குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு ஒக்லாள் படியேறிப் போனபோது, அவர் இரண்டு கையாலும் ஒரு பெரிய கிண்ணத்தைப் பிடித்து அண்ணாந்திருந்தார். கிண்ணம் இறங்கியது. மீசை வெள்ளையாக இருந்தது. அரசருக்கு மக்கள்பால் அன்பு என்று ஊர்வாசலில் அவர் சொன்னது உண்மைதான். அதிகாரிக்கோ மக்களின் பால் மேலேயே அன்பு.

“ஐயா, குடிக்கிறீங்களே!”

“குடிக்கலைம்மா,” என்றார் பெலத்தியா, மீசையைத் துடைத்தபடி. “பரிசோதிக்கிறேன். ஓடுற பதத்துல இருக்கான்னு பாக்க வேணாமா? தொண்டை வழியா ஓட விட்டுப் பாத்தேன். நல்லா ஓடுது.”

“என் பிள்ளைக்கும் கொஞ்சம் வேணும் ஐயா. ரெண்டு மாசக் குழந்தை. நேத்துலேருந்து வெறும் வயிறு.”

“அதெப்படிம்மா? இது ஓடறதுக்குன்னு ஒதுக்கின பால்.”

“அவ குடிச்சாலும் ஓடும் ஐயா. கொஞ்ச நேரம் கழிச்சு, வேற வழியா.”

“அது அரசாங்க ஓட்டம் இல்லை.”

அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த சக்கூர் எழுதும் நாணல் குச்சியைக் கீழே வைத்தார். ஒல்லியான மனிதர். பதினெட்டு வருடம் ஆணைகளைப் பிரதி எடுத்து எடுத்து, ஆணைகளில் எங்கே பொத்தல் இருக்கும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றவர்.

“ஐயா,” என்றார், “ஆணையில ‘பரிசோதகர்கள்’னு பன்மையில போட்டிருக்கு.”

“அதனால என்ன?”

“நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க? அரண்மனையில கேட்டா, ‘கள்’ எங்கேன்னு கேப்பாங்க.”

பெலத்தியாவின் முகம் மாறியது. அவர் பல பதவிகள் வகித்தவர். ஆனால் அவருக்குக் கீழே ஒருவரும் இருந்ததில்லை. காவலர்கள் படைத்தலைவருக்குச் சொந்தம், சக்கூர் அரண்மனைக்குச் சொந்தம், கழுதைகூட வாடகைக் கழுதை.

ஒக்லாள் அந்தப் பொத்தலைப் பார்த்துவிட்டாள்.

“அந்த வேலைக்கு என் மகளைப் போடுங்க ஐயா.”

“இந்தக் குழந்தையையா?”

“பிறந்ததுலேருந்து பாலைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. வெங்காயம் படாத நாக்கு, பூண்டு படாத நாக்கு. உங்க நாக்கு அப்படியா? நேத்துக்கூட வறுத்த ஆடு சாப்பிட்டீங்க.”

பெலத்தியா யோசித்தார். நியாயமாகப் பட்டது.

“முன் அனுபவம்?”

“ரெண்டு மாசம். ராப்பகல் பாக்காம.”

“நேர்மை?”

“பிடிக்கலைன்னா மூஞ்சி மேலயே துப்பிடுவா. யாருக்கும் பயப்பட மாட்டா. கையூட்டு கொடுத்தா வாயில வச்சுச் சப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துடுவா.”

அப்போது பூவாள் கொஞ்சம் பலம் சேர்த்து வீறிட்டாள்.

“ஏம்மா இப்படிச் சத்தம் போடுது?”

“அது அறிக்கை ஐயா. பால் வந்து சேரலைன்னு அறிக்கை.”

அவ்வளவுதான். சக்கூர் களிமண்ணைப் பிசைந்தார். முத்திரை பதிந்தது. கையொப்பத்துக்குப் பதிலாக, பரிசோதகரின் கால் கட்டைவிரல் களிமண்ணில் அழுத்தப்பட்டது. நூலில் கோத்த முத்திரை கழுத்தில் ஏறிய கணத்தில், பூவாள், யூதா அரசின் வரலாற்றிலேயே மிக இளைய ஊழியர் ஆனாள். அதிகாரியின் கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலை, கடமை தவறாமல் அங்கேயே பரிசோதித்து முடித்தாள். முடித்ததும் ஏப்பம் விட்டாள். ஒக்லாள் சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள்.

“என்ன சொல்லுது?” என்று பெலத்தியா ஆவலாகக் கேட்டார்.

“திருப்தின்னு சொல்றா ஐயா.”

மலைநாட்டில் ஒரு செய்தி மலைக்கு மலை தாவ அரை நாள் ஆகும். கிணற்றடியில் நாலு பெண்கள் நின்றால் அவ்வளவு நேரம் ஆகாது. மறுநாள் காலை மாடிப்படியில் ஐந்து தாய்மார்கள் ஐந்து விண்ணப்பதாரர்களோடு நின்றார்கள். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் ஒரே குரலில் தங்கள் தகுதியை எடுத்துரைத்தார்கள். பெலத்தியா காதைப் பொத்திக்கொண்டு எல்லாரையும் நியமித்தார். துறை வளர்ந்தது.

அன்று மத்தியானமே பல் முளைத்த குழந்தைகளும் வந்தன. பல் முளைத்த வாய்க்குத் தகுதி உண்டா என்று கேள்வி எழுந்தது. துணைப் பரிசோதகர் என்ற பதவி உருவானது. அதைக் கேட்ட மாகீர், ஊர்த் தலைமை மூப்பர் என்ற கௌரவத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினார்.

“பல் இல்லாததுதான் தகுதின்னா, எனக்கும் ஒண்ணும் இல்ல, பாத்துக்கோங்க. அதுங்களுக்காவது இனிமே முளைக்கும். எனக்கு அந்த ஆபத்தும் இல்ல.”

மூத்த பரிசோதகர் என்ற பதவி உருவானது.

நாலாம் நாள், ஆடுகள் பால் சுரக்க மறுக்கின்றன என்று புகார் வந்தது. குட்டி முட்டாமல் பால் இறங்காது என்பது ஒக்லாளுக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும், பெலத்தியாவுக்குத்தான் அன்று தெரிந்தது. “அப்போ அந்தக் குட்டிங்களும் நம்ம ஆளுங்கதான்!” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டார். குட்டிகளின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. கழுத்தில் முத்திரை ஏறியது. கருப்பியின் குட்டி தன் நியமன ஆணையைப் பெற்றுக்கொண்டு, உடனே அதைத் தின்றுவிட்டது. சக்கூர் புதிதாக ஒன்று செய்து கட்டினார்.

ஐந்தாம் நாள் மாலைக்குள் பேத்கெதியில் பாலோட்டத் துறையில் இல்லாதவர் என்று யாரும் இல்லை. யாமீன் ‘ஓட்டப்பாதைப் பராமரிப்பாளர்’. மாகீரின் மருமகள் ‘ஏப்பப் பதிவாளர்’. ஆற்றங்கரையில் களிமண்ணுக்கே தட்டுப்பாடு வந்தது. பெலத்தியா மாடியிலிருந்து ஊரைப் பார்த்தார். கண் எட்டும்வரை தனக்குக் கீழே பணிபுரியும் மக்கள். வாழ்நாளில் முதல்முறையாக, யாரையும் அதட்டாமல், “எல்லாரும் நல்லா வேலை பாருங்க,” என்று சொன்னார். எல்லாரும் நல்லாக் குடித்தார்கள்.

அந்த நாட்களில் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். அறுவடைக்குப் போகிறவர்கள் தயிரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பெயர் ‘ஓட மறுக்கும் பாலைத் தனிமைப்படுத்துதல்’. பூவாளின் கன்னத்தில் சதை பிடித்தது. இத்தோகூட அவளைப் பொறாமையோடு பார்ப்பதாக ஒக்லாளுக்குத் தோன்றியது.

ஆறாம் நாள் பெலத்தியா சேமிப்புக் குகையைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே நாலு தோல்பைகள் இருந்தன.

“மத்ததெல்லாம் எங்கய்யா?”

“பரிசோதனை முடிஞ்சிடுச்சு,” என்றார் சக்கூர். “எல்லாம் தரமானதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

“நீ ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?”

“நீங்க கேக்கலையே ஐயா. கேக்காததைச் சொல்றதுக்கு எனக்கு ஆணை இல்ல.”

இருக்கும் நாலு பைகளையாவது மேலே கொண்டுபோய் வையுங்கள் என்று உத்தரவாயிற்று. நல்ல வெயில். குகையிலிருந்து ஆலைவரை கல்லும் குழியுமான பாதை. தோல்பைகளைக் கழுதையின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஏற்றினார்கள். கழுதை ஒவ்வொரு அடிக்கும் குலுங்கியது, பைகள் குலுங்கின. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியில் தோல்பையைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டும் கைகள் அவர்களுடையவை. என்ன நடக்கப்போகிறது என்பது கழுதையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஒருவேளை கழுதைக்கும் தெரிந்திருக்கலாம்.

மேலே போய் பையைக் கவிழ்த்தார்கள். புளித்த மோர் சலசலவென்று கொட்டியது. பின்னாலேயே பொத் பொத்தென்று வெண்ணெய் விழுந்தது.

“கலகம்!” என்று கத்தினார் பெலத்தியா. “பிடிங்க அதை!”

காவலர்கள் வெண்ணெயைக் கைது செய்தார்கள். கைதி, காவலில் இருக்கும்போதே, சூடான ரொட்டியின் மேல் உருகிக் காணாமல் போனது. விசாரணை நடக்கவில்லை.

ஊர்வாசலில் அவசரக் கூட்டம் கூடியது. துறையின் ஊழியர்கள் எல்லாரும் வந்திருந்ததால் கூட்டத்தில் மேய்ச்சல் நில வாடை அடித்தது. நாளை மறுநாள் தூதர் வந்துவிடுவார். பெலத்தியாவின் குரல் நடுங்கியது. அவரைப் பார்க்க ஒக்லாளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பால் ஓடாவிட்டால் தன்னை ஓட விடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அவர் கண் யாமீன் மேல் விழுந்தது.

“ஏன்யா, உன் கையில என்ன வெள்ளையா?”

“சுண்ணாம்பு ஐயா. தொட்டி பூசறது.”

“தண்ணியில கலக்குனா?”

“வெள்ளையாத்தான் இருக்கும்,” என்று சொன்ன பிறகுதான் யாமீனுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. மனைவியைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒக்லாள் முன்னால் வந்தாள். “ஐயா, அது வேணாம். யாராவது ஒரு வாய் குடிச்சாலும் தொண்டை வெந்து போயிடும்.”

“யாரு குடிக்கப் போறாங்க? பாக்கத்தான வர்றாங்க?”

“பாலைப் பாத்தா மனுஷனுக்குக் குடிக்கத்தான் தோணும்.”

“அது சாதாரண மனுஷனுக்கு. அவர் தூதர்,” என்றார் பெலத்தியா. குரல் நிமிர்ந்துவிட்டது. தீர்வு கிடைத்துவிட்ட அதிகாரியிடம் அதன்பின் உண்மையைப் பேசிப் பயனில்லை.

எட்டாம் நாள் காலை. ஆலைத் தளத்தில் சுண்ணாம்பு கரைத்த நாற்பது குடம் தண்ணீரோடு யாமீன் தலைமையில் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். சாலையோரத்தில் ஊரே வரிசையாக நின்றது. குழந்தைகள் முன்வரிசை, கழுத்தில் முத்திரை. பூவாளை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு ஒக்லாள் வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். தூதர் தாகம் எடுக்காத மனிதனாக இருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

தூதர் வந்தார். வயதானவர், தூசி படிந்த தாடி, உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதிகாலையிலிருந்து வெயிலில் வந்தவர். பெலத்தியா கையை உயர்த்தினார். மேலிருந்து வெள்ளை வெளேரென்று இறங்கியது அந்த ஓடை. பாறையில் நுரைத்து, வெயிலில் பளபளத்து, கீழே தொட்டியில் விழுந்தது. பச்சைச் சரிவும் வெள்ளை ஓடையுமாக, பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

தூதர் கழுதையிலிருந்து இறங்கினார். ஓடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எங்க ஊர்ல சொன்னப்போ நான் நம்பலை,” என்றார். “கிழவன் சாகறதுக்குள்ள கண்ணால பாத்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே வாய்க்காலை நோக்கி நடந்தார். அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டார். குனிந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தார்.

பெலத்தியா சிலையாகிவிட்டார். சக்கூர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்காததைச் சொல்ல அவருக்கு அன்றும் ஆணை இல்லை.

“ஐயா, தொடாதீங்க!” என்று ஒக்லாள் அலறிக்கொண்டே போய் அந்தக் கிழவரின் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். ஒரு வெளிநாட்டுத் தூதரைத் தொட்டு அடித்த பெண்ணுக்கு என்ன தண்டனை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தட்டித்தான் விட்டிருப்பாள். காவலர்கள் தடியோடு ஓடிவந்தார்கள். தூதர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

“ஏன் குடிக்கக் கூடாது?”

எல்லாரும் பெலத்தியாவைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு என்றால் மானம் போகும். குடியுங்கள் என்றால் போர் வரும். அந்த நெருக்கடியில், ஆட்சிக் கலையில் பல தலைமுறைகள் தேடியும் கிடைக்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

“ஐயா, எங்க நாட்டுல பால் குடிக்கறதுக்கு இல்லீங்க. ஓடறதுக்கு மட்டுந்தான்.”

இந்த ஒரே பதிலுக்காகத் தலைநகரில் அவருக்குத் தேன் துறையையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதும், தேனீக்கள் முத்திரையை மதிக்காததால் அவர் முகம் வீங்கி, பழைய ஆட்கள் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனதும் பின்னால் நடந்த விஷயங்கள். அன்று, வாய்க்காலோரத்தில், தூதர் அந்தப் பதிலை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். விரல் நுனியில் தெறித்திருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது காய்ந்து, மாவாக உதிர்ந்தது. தூதர்கள் பார்த்ததையெல்லாம் பார்த்த இடத்திலேயே சொல்கிறவர்கள் இல்லை. வரிசையில் நின்ற குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கொழுகொழுவென்று, மேலுதட்டில் வெள்ளைக்கோடு காயாமல், கழுத்தில் அரச முத்திரையோடு நின்றன. ஒக்லாளிடம் வந்து நின்றார்.

“ஏன் தாயே, இந்த ஊர்ல யாருமே பால் குடிக்கறதில்லையா?”

பெலத்தியா பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார். ஒக்லாள் குனிந்து பணிவாகத்தான் பதில் சொன்னாள்.

“குடிப்போம் ஐயா. எங்க ராஜா ரொம்ப நல்லவரு. ஆனா குடிக்கணும்னா முதல்ல அரண்மனையில உத்தியோகம் கிடைக்கணும். என் மகளுக்குக் கிடைச்சிடுச்சு. அதனாலதான் உசுரோட இருக்கா.”